பொருள்: டர்ன்பக்கிள் = எதிர்ப்புரித் தண்டு?

வணக்கம்.

ரிமோட் கார் கிட் கையேட்டின் தமிழாக்கம் பின்சக்கர சஸ்பென்ஷன் பக்கத்தில், டர்ன்பக்கிளில் (நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுத் தண்டு) வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு நான் வைக்கும் பெயர் எதிர்ப்புரித் தண்டு. மற்றவை அவ்வளவு தொல்லை இல்லை. கீழ்க்கை, கீல் ஊசி, அச்சுத் தாங்கி என்று எழுதினால் படத்தைப் பார்க்கிறவருக்கே புரிந்துவிடும். சஸ்பென்ஷனை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கட்சி ("தொங்கமைப்பு" என்று எழுதி யாரைத் திருப்திப்படுத்தப் போகிறோம்?).

> "சரிசெய் தண்டு" போதாதா?

போதாது. அந்தப் பக்கத்தில் சரிசெய்ய முடியாத பாகம் எது? டேம்பரின் (அதிர்வைத் தணிக்கும் பாகம்) ஸ்பிரிங் அழுத்தத்தைக்கூடத்தான் சரிசெய்கிறோம். இந்தத் தண்டின் சங்கதி வேறு: ஒரு முனையில் வலப்பக்கப் புரி (திருகில் சுற்றி ஓடும் வரி), மறுமுனையில் இடப்பக்கப் புரி. நடுவில் ஸ்பேனர் வைத்துத் திருப்பினால் இரண்டு முனையிலும் உள்ள கிண்ணங்கள் (பந்து இணைப்பைக் கவ்வும் பிளாஸ்டிக் பாகங்கள்) ஒன்றாக விலகும், அல்லது ஒன்றாக நெருங்கும். எதையும் கழற்றாமலே நீளம் மாறும். இரு முனையிலும் ஒரே புரி இருந்தால் ஒரு பக்கம் ஏறுவது மறுபக்கம் இறங்கும், நீளம் அப்படியே கிடக்கும். பெயர் பிடிக்க வேண்டியது இந்த எதிரெதிர்த் தன்மையை.

> "இருபுரித் தண்டு" வைக்கலாம்.

கிட்டத்தட்ட சரி. ஆனால் ஒரே திசையில் இரண்டு புரி இணையாக ஓடும் திருகும் உண்டு, நாளைக்கு அதற்கு இந்தப் பெயர் தேவைப்படும். அதனால்தான் எதிர்ப்புரி.

> முனைகளை வலம்புரி, இடம்புரி என்றால் அழகாக இருக்குமே ஐயா?

அழகுதான், ஆசையாகவும் இருக்கிறது. ஆனால் நாம் வலம்புரி என்று கொண்டாடும் சங்கின் சுருள் உயிரியல் கணக்குப்படி இடப்பக்கச் சுருள். சாதாரண திருகாணியைப் போலச் சுற்றுவது நாம் இடம்புரி என்று ஒதுக்கும் சங்கு! ஸ்பேனரும் கையுமாக நிற்கிறவரை இந்தக் குழப்பத்தில் மாட்டிவிட வேண்டாம். வலஞ்சுழியாக (கடிகார முள் போகும் திசையில்) திருப்பினால் இறுகுவது வலத்திருகு, மற்றது இடத்திருகு, அவ்வளவே.

இன்னொருவர் கேட்டது நல்ல கேள்வி: கம்பியை இழுத்துக் கட்டும் டர்ன்பக்கிள் தண்டே இல்லையே, அங்கே நடுவில் இருப்பது கூடு, புரி கூட்டுக்குள் இருக்கிறது, கொக்கிகள் இரு பக்கமிருந்தும் உள்ளே ஏறுகின்றன. உண்மை. அதை எதிர்ப்புரிக் கூடு என்று சொல்லிவிடலாம். எதிர்ப்புரி பொதுவாக நிற்கும், பின்னால் வருவது மட்டும் மாறும்.

சரி, வாக்கியத்தில் போட்டுப் பார்க்காமல் கலைச்சொல்லை ஏற்பது எனக்குப் பிடிக்காது. கையேட்டுக்கு எழுதியது:

"எதிர்ப்புரித் தண்டில் கோடு கிழித்திருக்கும் பக்கம் இடத்திருகு. அந்த முனையில் கிண்ணத்தை இடஞ்சுழியாகத் திருகி ஏற்றவும். இரு முனையிலும் வெளியே தெரியும் புரியின் நீளம் ஒன்றாக இருக்கட்டும். காரின் இருபுறமும் கோடு ஒரே திசையில் வருமாறு மாட்டவும். தண்டு குட்டையானால் சக்கரத்தின் மேல்விளிம்பு உள்ளே சாயும்."

இதில் இடஞ்சுழி என்பதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் புரி கிடையாது, வெறும் துளைதான். தண்டு தன் புரியைத் தானே வெட்டிக்கொண்டு போகிறது. மறுமுனையைப் போலவே வலஞ்சுழியாகத் திருகினால் எவ்வளவு அழுத்தினாலும் ஏறாது, துளையின் வாய்தான் அரைபடும். விரல் காந்துவது தனி.

கோடு எந்தப் பக்கம் என்பதும் விளையாட்டில்லை. எல்லாம் ஒரே திசையில் இருந்தால்தான் கேம்பரை (சக்கரத்தின் சாய்வை) மாற்றும்போது ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்பினால் நீளும் என்று ஒவ்வொரு சக்கரத்துக்கும் யோசிக்காமல் இருக்கலாம்.

கிண்ணம் என்பதை நான் பாட்டுக்குப் போட்டுவிட்டேன், பந்துக் கிண்ணமா குமிழ்க் கிண்ணமா என்று முடிவாகவில்லை. எனக்குக் குமிழ் பிடிக்கிறது, ஆனால் கதவுக் குமிழும் அதேதான். யாராவது வேறு சொல்லுங்கள். அப்புறம்தான் டேம்பர் பக்கத்துக்குப் போக முடியும்.