ரத்தக்காட்டேரிக் கதைகளில் ஏதாவது உண்மை இருக்குமா? உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

பிணவறைக்காரன்

பதினோரு வருடம் பிணவறையில் வேலை பார்த்தவன் நான். பேய், பிசாசு நம்பிக்கை கிடையாது. ஆனால் ஓர் இரவு மட்டும் இன்னும் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதை எங்காவது இறக்கி வைக்க வேண்டும் என்றுதான் இந்தத் திரியைத் தொடங்குகிறேன்.

தனியாக வாழ்ந்தவர். கதவை உடைத்து எடுத்து வந்தார்கள். நான்கைந்து நாள் ஆகியிருக்கும் என்றார்கள். குப்புறக் கிடந்திருக்கிறார். மேசையில் கிடத்தி விளக்கைப் போட்டேன். முகம் கருஞ்சிவப்பாக, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குபவர் முகம் போல உப்பியிருந்தது. வாயோரத்தில் ரத்தம். காய்ந்த ரத்தமல்ல, ஈரமாக வழிந்துகொண்டிருந்தது. முதுகைப் பார்ப்பதற்காகத் தோளைப் பிடித்துச் சாய்த்தேன். அப்போது அவர் முனகினார்.

உடலை அசைத்தால் நெஞ்சுக்குள் தங்கிய காற்று தொண்டை வழியாக வரும், அது குரல் மாதிரியே கேட்கும். இதைப் புதிதாக வந்த பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். இருந்தும் என்ன செய்தேன் தெரியுமா? கழுத்தில் விரல் வைத்து நாடி பார்த்தேன். பதினோரு வருடத்தில் பிணத்துக்கு நாடி பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

பிறகுதான் செர்பியாவில் நடந்ததைப் படித்தேன். மெத்வெஜா கிராமத்து அர்னோல்ட் பவுலே. வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து செத்தவர். நாற்பது நாள் கழித்துத் தோண்டி, மார்பில் கழுவை இறக்கியபோது அவர் நன்றாகக் கேட்கும்படி முனகினார் என்று ஆஸ்திரியப் படை மருத்துவர் ஃப்ளூக்கிங்கர் 1732-ல் அறிக்கையில் எழுதியிருக்கிறார். அதைப் படித்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்தக் கிராமத்து ஆட்கள் பொய் சொல்லவில்லை. நான் கேட்டதைத்தான் அவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

உங்களுக்கு இப்படி ஏதாவது?

தூக்கமில்லாதவன்

எனக்குத் தூக்கத்தில் அமுக்கும். பலருக்கும் இருக்கும், விளக்க வேண்டியதில்லை. கண் திறந்திருக்கும், கை கால் அசையாது, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பார்கள். கனவு காணும்போது உடல் தசைகளை மூளை கட்டிப்போட்டு வைக்கும். அந்தக் கட்டு அவிழ்வதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டால் இப்படி ஆகும். இதெல்லாம் தெரியும்.

அன்று வந்தது வெறும் பாரம் இல்லை. என் சித்தப்பா. இறந்து மூன்று வாரம். போட்டிருந்த சட்டையின் மேல் பொத்தான் அறுந்திருந்தது, அதன் நூல் என் கன்னத்தில் உரசியது. அந்த நூலைத்தான் மறக்க முடியவில்லை. எழுந்து விளக்கைப் போட்டபோது அறையில் யாரும் இல்லை. ஆனால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டேதான் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பிணவறைக்காரன் அண்ணா சொன்னதற்கு முந்தைய சம்பவம் ஒன்று இருக்கிறது, 1725, கிசில்யேவோ கிராமம். அங்கே எட்டு நாளில் ஒன்பது பேர் செத்தார்கள். சாவதற்கு முன் அவர்கள் எல்லாருமே, அண்மையில் இறந்த பீட்டர் பிளகோயேவிச் தூக்கத்தில் வந்து மேலே படுத்துக் கழுத்தை நெரித்தார் என்றுதான் சொன்னார்கள். நூலைப் பற்றி அவர்களில் யாராவது சொல்லியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

மின்மினி

இதற்கெல்லாம் 1985-லேயே டேவிட் டால்ஃபின் என்ற வேதியியலாளர் விடை சொல்லிவிட்டார். போர்ஃபிரியா என்று ஒரு நோய். வெயில் ஆகாது, ஈறு சுருங்கிப் பல் நீளமாகத் தெரியும், ரத்தத்தில் குறை. அதனால் ரத்தம் குடித்திருப்பார்கள். நான் கல்லூரியில் இதைப் பற்றி உரையாற்றிப் பரிசுகூட வாங்கினேன். அனுபவம் என்றால் அவ்வளவுதான்.

செவிலி

தூக்கமில்லாதவன் தம்பி, நெஞ்சில் பாரம் என்பது சரி. ஆனால் கடிப்பது எங்கிருந்து வந்தது? நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ரேபிஸ் வந்த ஒருவர். நாய் கடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, சின்னக் கீறல்தானே என்று விட்டுவிட்டார். அவரே அமைதியாக, "சிஸ்டர், தாகமாக இருக்கிறது" என்றார். தம்ளரை நீட்டினேன். வாங்கினார். உதட்டருகே போனதும் தொண்டை இழுத்துக்கொண்டது, கழுத்து நரம்பெல்லாம் கயிறு மாதிரி புடைத்தது, தம்ளர் பறந்து சுவரில் அடித்தது. எச்சிலும் ரத்தமுமாக வாயில் நுரை. ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டது. அடங்கியதும் என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க சிஸ்டர், வேணும்னு பண்ணல" என்றார். முழு நினைவோடு. அந்த மன்னிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

கதவைத் திறந்தால் வரும் காற்றுகூட அவருக்கு ஆகவில்லை. வெளிச்சம், முகம் பார்க்கும் கண்ணாடி, கடுமையான வாசனை, எதுவும் இந்த இழுப்பைக் கிளப்பிவிடலாம். ஸ்பெயின் நரம்பியல் மருத்துவர் ஹுவான் கோமெஸ்-அலோன்சோ 1998-ல் இதைத்தான் எழுதினார். 1721 முதல் 1728 வரை ஹங்கேரியில் விலங்குகளிடையே ரேபிஸ் பரவியிருந்ததையும், ரத்தக்காட்டேரிக் கதைகள் அதே காலத்தில் கிளம்பியதையும் அவர் சேர்த்துப் பார்த்தார்.

சரி, இதைப் படிக்கிற எல்லாரும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லாமல் போக மாட்டேன். நாய், பூனை, குரங்கு, வௌவால், எது கடித்தாலும், நகம் கீறினாலும், புண்ணில் நக்கினாலும், உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் அல்ல, முழுப் பதினைந்து நிமிடம். கடிகாரத்தைப் பாருங்கள். இந்தக் கழுவலே கிருமியில் பெரும்பகுதியைப் போக்கிவிடும். வீட்டு மருந்து எதையும் பூசி மூடாதீர்கள். அன்றைக்கே ஊசி தொடங்குங்கள். ஒரு ஊசியோடு சரியாகிவிட்டது என்று நிறுத்தாதீர்கள், சொன்ன தேதியில் எல்லாம் போய்ப் போடுங்கள். ரத்தம் வந்த காயம் என்றால் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். வௌவால் கடி கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம். தூங்கும் குழந்தையின் அறையில் வௌவால் இருந்தால் காயம் தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். வீட்டு நாய்தானே, குட்டிதானே என்று விடாதீர்கள். தண்ணீரைப் பார்த்துப் பயம் வந்த பிறகு எங்களால் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார மட்டும்தான் முடியும்.

ஜன்னலோரம்

மின்மினிக்கு.

என் மகளுக்குப் போர்ஃபிரியா. ஒன்பது வயது. அவளுக்கு இருப்பது எரித்ரோபொயட்டிக் புரோட்டோபோர்ஃபிரியா என்ற வகை. வெயில் பட்டால் கை எரிகிறது என்று அலறுவாள், பார்த்தால் தோலில் பெரிதாக ஒன்றும் தெரியாது. நடிக்கிறாள் என்றார்கள். நான்கு வருடம் கழித்துத்தான் ஒரு மருத்துவர் சரியான ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

வகுப்பில் ஒரு பையன் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து, "உனக்கு இருக்கிறது ரத்தக்காட்டேரி வியாதி" என்றிருக்கிறான். அன்று மாலை குளியலறையில் வெகுநேரம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்று, மேலுதட்டை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இது வளருமா?" என்று கேட்டாள்.

நீங்கள் சொன்ன டேவிட் டால்ஃபின் பெரிய வேதியியலாளர், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கருத்தை மருத்துவர்கள் அப்போதே மறுத்துவிட்டார்கள். குடித்த ரத்தம் வயிற்றில் செரித்துவிடும், நோய்க்கு ஒரு பயனும் இல்லை. ஹீமின் என்ற மருந்து உண்டு, அது திடீர் வயிற்றுவலியாக வரும் வேறு வகைப் போர்ஃபிரியாவுக்கு, ரத்தக்குழாயில் ஏற்றுவது. பல் சிவந்து, தோல் புண்ணாகி உருக்குலையும் வகை மிக மிக அபூர்வம். அதை வைத்து ஊர் ஊராகக் கதை கிளம்பியிருக்க முடியாது.

அதைவிட முக்கியம், கிசில்யேவோவிலும் மெத்வெஜாவிலும் எழுதிய அறிக்கைகளில் வெயிலைக் கண்டு யாரும் ஓடவில்லை. வெயில் பட்டதும் அழிந்துபோகும் ரத்தக்காட்டேரி 1922-ல் வந்த ஒரு ஜெர்மன் ஊமைப்படத்தின் கற்பனை. அதற்கு அப்புறம் வந்த படங்களைப் பார்த்துவிட்டு, என் மகளின் நோயை எடுத்து முந்நூறு வருடத்துக்கு முந்தைய கதைக்கு ஒட்டுப் போடுகிறீர்கள். அடுத்த முறை உரையாற்றும்போது அவள் அந்த அரங்கில் உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஜன்னல் கண்ணாடியும் காப்பு இல்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் ஊதாப் பகுதிதான் எரிக்கிறது, அது கண்ணாடி வழியாக வந்துவிடும். பெரியவர்களுக்கு அஃபாமெலனோடைட் என்ற மருந்து ஐரோப்பாவில் 2014-லும் அமெரிக்காவில் 2019-லும் அனுமதிக்கப்பட்டது. அவள் வளரும்வரை காத்திருக்கிறோம்.

மின்மினி

மன்னியுங்கள் அக்கா. உண்மையிலேயே யோசிக்கவில்லை. அந்த உரையை இணையத்திலிருந்து எடுத்துவிடுகிறேன்.

பிணவறைக்காரன்

செவிலி அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ரேபிஸ் என்றால் ஒரு கேள்வி இடிக்கிறது. கிசில்யேவோவில் செத்தவர்கள் ஒரே நாள் நோயில் செத்திருக்கிறார்கள், எட்டு நாளில் ஒன்பது பேர். ரேபிஸ் அப்படிக் கொல்லாது. கடித்தார் என்றும் அவர்கள் சொல்லவில்லை, நெரித்தார் என்றார்கள். ஏதோ வேகமான தொற்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கதை பின்னால் வளரும்போது ரேபிஸ் வந்து சேர்ந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை.

அப்புறம் அந்த பீட்டரைப் பத்து வாரம் கழித்துத் தோண்டினார்களே, அந்த இடத்தைப் படிக்கப் படிக்க எனக்கு என் மேசைதான் ஞாபகம் வருகிறது. தாடி வளர்ந்திருந்தது என்கிறார்கள். வளராது. தோல் வற்றிப் பின்வாங்கும், முடியும் நகமும் வெளியே துருத்தும். பழைய தோல் உரிந்து புதுத்தோல் இருந்தது என்கிறார்கள். மேல்தோல் கையுறை மாதிரி கழன்று வரும், அடியில் இருப்பது இளஞ்சிவப்பாக இருக்கும். நான் என் கையால் பார்த்திருக்கிறேன். வாயில் ரத்தம், வயிற்றில் வாயு ஏறி நுரையீரலை அழுத்துவதால் வருவது. ஒவ்வொன்றையும் பார்த்தபடியே எழுதியிருக்கிறார்கள், காரணம்தான் தெரியவில்லை.

அந்த அறிக்கையை எழுதிய அதிகாரி ஃப்ரோம்பால்ட் கடைசியில், இதில் தவறு ஏதும் இருந்தால் என் மேல் போடாதீர்கள், பயத்தில் தன்னிலை இழந்த கூட்டத்தின் மேல் போடுங்கள் என்று கெஞ்சுகிறார். கிராமமே ஊரைக் காலி செய்துவிடுவோம் என்று நின்றபோது அந்த மனிதர் தனியாக என்ன செய்திருக்க முடியும்? நாடி பார்த்த எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை.

ஆறுமாதம்

எனக்குக் காசநோய் இருந்தது. இப்போது இல்லை. ஆறு மாத மாத்திரை, ஒரு நாள் விடாமல். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், முதல்நாள் பயந்துபோனேன்.

என் விஷயம் மாத்திரைக்கு முந்தைய ஒரு காலை. கண் விழித்தபோது தலையணையில் ரத்தம். என் பக்கத்தில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். வாயைத் துடைத்தேன், கையெல்லாம் ஆனது. அவன் கண் விழித்து என்னை ஒரு பார்வை பார்த்தான். பயந்தது எனக்காக அல்ல, என்னைப் பார்த்து. ஒரு நொடிதான். அதற்குப் பிறகு அவன்தான் என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான், ஆறு மாதமும் மாத்திரையை எண்ணிக் கொடுத்தான். அந்த நொடியைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

மெர்சி பிரவுன் கதை தெரிந்திருக்கும். அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலம், 1892. அம்மா, அக்கா, அப்புறம் பத்தொன்பது வயது மெர்சி, எல்லாரும் காசநோயில் போனார்கள். அண்ணன் எட்வினும் இளைத்துக்கொண்டே வந்தான். இறந்த யாரோதான் அவனை உறிஞ்சுகிறார்கள் என்று ஊர் முடிவு கட்டி, மார்ச் 17 அன்று மூவரையும் திறந்து பார்த்தது. அம்மாவும் அக்காவும் போய் எட்டு வருடம் போல, எலும்புதான் மிச்சம். மெர்சி இறந்து இரண்டே மாதம், அதுவும் நடுக் குளிர்காலம், உடல் கெடவில்லை. இதயத்தில் ரத்தம் இருந்தது. நுரையீரலில் காசநோய் என்று மருத்துவர் அங்கேயே சொன்னார். யாரும் கேட்கவில்லை. இதயத்தை எரித்துச் சாம்பலைத் தண்ணீரில் கலக்கி எட்வினுக்குக் கொடுத்தார்கள். மே மாதம் அவனும் போய்விட்டான்.

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882 மார்ச்சிலேயே அறிவித்துவிட்டார். பத்து வருடம் ஆகியும் அந்த வீட்டுக்கு அந்தச் செய்தியால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் மருந்து இல்லை. ஒருவர் போன பிறகு அதே வீட்டில் அடுத்தவர் இளைப்பதும், விடிகாலையில் வாயில் ரத்தமும்... இதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் வேறென்ன நினைக்கத் தோன்றும்? எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தது அவன் தங்கையின் இதயச் சாம்பல். என் தம்பியின் கண்ணை நினைக்கும்போதெல்லாம் அந்தக் குவளையும் ஞாபகம் வருகிறது.

செவிலி

ஆறுமாதம் தம்பி, உங்கள் தம்பிக்குப் பரிசோதனை செய்தீர்களா? ஒரே அறையில் படுத்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஆறுமாதம்

செய்தோம் அக்கா. அவனுக்கு இல்லை.

ஈரமண்

இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே சொல்லலாம் போலிருக்கிறது.

அம்மா இறந்தபோது அப்பாவின் குழியிலேயே வைக்க முடிவு செய்தோம். அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம். எலும்புதான் இருக்கும், ஒரு பக்கமாக ஒதுக்கிவிடலாம் என்றார் குழி தோண்டுபவர். அந்த இடத்தில் எப்போதும் நீர் ஊறும். பெட்டி மூடி உடைந்து உள்ளே இறங்கியிருந்தது. அதை அவர் தூக்கினார்.

அப்பா இருந்தார். முழு முகமும். சாம்பல் கலந்த வெள்ளையாக, மெழுகில் செய்தது மாதிரி. இடது புருவத்தில் இருந்த தழும்பு தெரிந்தது. குழி தோண்டுபவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிட்டார்.

பிறகு கேட்டறிந்தேன், அதற்குப் பிணமெழுகு என்று பெயர். ஈரமான, காற்றுப் புகாத மண்ணில் உடம்பின் கொழுப்பு சோப்பு மாதிரி இறுகிவிடும், வருடக்கணக்கில் உருவம் கலையாது. அன்று அது எனக்குத் தெரியாது. பிணவறைக்காரன் அண்ணா, நீங்கள் நாடி பார்த்தீர்கள். நான் "அப்பா" என்று கூப்பிட்டேன். பதில் வரும் என்று ஒரு கணம் நின்றேன்.

அந்த நேரத்தில் யாராவது ஒருவர் "இவர் இன்னும் போகவில்லை, அம்மாவை இவர்தான் கூப்பிட்டுக்கொண்டார்" என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். கையில் எதைக் கொடுத்து எதைச் செய்யச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பேனோ என்னவோ. அதுதான் என்னை விடாமல் அரிக்கிறது.

யாரும் சொல்லவில்லை. அக்கா குழியோரத்தில் மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "அப்பாவைக் கலைக்க வேண்டாம், பக்கத்திலேயே அம்மாவுக்கு வேறு குழி வெட்டச் சொல்லு" என்றாள்.