மேல் டிவிசன் நம்ம ஆட்கள்: பஞ்சுவின் சடை

ஞாயிறு

கவி, 7.12: யாராவது எழுந்துவிட்டீர்களா? பஞ்சுவை நேற்றுக் குளிப்பாட்டினேன். இன்று காதுக்குப் பின்னால் கல் மாதிரி ஒரு கட்டி. பயந்துபோய்த் தடவிப் பார்த்தேன், முடிதான். சீப்பை வைத்தாலே உறுமுகிறான்.

கடை மாமா, 7.15: பொமரேனியன் வாங்கும்போதே சொன்னேன், தோட்டத்துக்கு ஊர் நாய்தான் சரி என்று.

கவி, 7.16: வாங்கவில்லை மாமா. பங்களாக்காரர்கள் வெளிநாடு போகும்போது அம்மாவிடம் விட்டுப்போனது.

கடை மாமா, 7.18: சரி சரி. சலூன் மெஷினை இரவல் வாங்கி வருகிறேன். முழுசாக வழித்துவிட்டால் தொல்லை விட்டது.

கொழும்பு அண்ணன், 7.31: மாமா, மெஷின் வேண்டாம்! அவனுக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே நீளமாக, அடியில் மெத்தை மாதிரி. ஒட்ட வழித்தால் சில நாய்களுக்குப் பழையபடி வளராது, திட்டுத் திட்டாக நிற்கும். நம்ம ஊர்க் குளிருக்கு அந்த அடிமுடிதான் அவனுக்கு ஸ்வெட்டர்.
கவி, குளிப்பாட்ட முன்பு சீவினாயா?

கவி, 7.32: இல்லை அண்ணா. ஒரே சேறு. கழுவிவிட்டுச் சீவலாம் என்று...

கொழும்பு அண்ணன், 7.36: அங்கேதான் வினை. சிக்கோடு நனைத்தால் காயும்போது இறுகிவிடும். முதலில் சிக்கு, அப்புறம்தான் தண்ணீர். எங்கள் கடைக்கு நாய் வந்தால் சீப்பு வேலை முடியாமல் பைப்பையே திறக்க மாட்டோம்.

பெரியம்மா, 7.40: கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவு பிள்ளை. சிக்கும் விடும், உண்ணியும் ஓடும்.

கொழும்பு அண்ணன், 7.41: ஐயோ பெரியம்மா! தோல் வெந்துவிடும். நக்கினால் அதைவிட ஆபத்து.

டீச்சர் அக்கா, 7.44: என்னிடம் டீ ட்ரீ ஒயில் ஒரு சின்னப் போத்தல் இருக்கிறது, ஹட்டன் டவுனில் வாங்கியது. நம்ம தேயிலைதானே, அதைப் பூசலாமா?

கொழும்பு அண்ணன், 7.46: அது நம்ம தேயிலை இல்லை அக்கா, ஆஸ்திரேலியாவின் வேறு மரம். நாய்க்கு நஞ்சு. நடை தள்ளாடி விழுந்துவிடும்.

டீச்சர் அக்கா, 7.47: பிறந்ததிலிருந்து தேயிலைக்குள்தான் கிடக்கிறேன், இது தெரியாமல் போச்சே 🙈

கொழும்பு அண்ணன், 7.58: கவி, வீட்டில் சோள மா இருந்தால் ஒரு சிட்டிகை கட்டியின் மேல் தூவு, முடி வழுக்கும். கட்டிக்கும் தோலுக்கும் நடுவே முடியை இடது கையால் இறுக்கிப் பிடி. அப்படிப் பிடித்தால் இழுப்பு தோலுக்குப் போகாது, உறுமவும் மாட்டான். ஓரத்திலிருந்து விரலால் பிரித்து, நுனியில் சீவத் தொடங்கி மெல்ல அடிக்கு வா. பிரியவே இல்லையா, தோலை ஒட்டிச் சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே மட்டும் கத்தரிக்கோலை வை. சடைக்குள் காது மடல் சுருண்டு கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு காதில் ரத்தம் பார்த்தவன் நான்.

கவி, 8.52: பிரிந்துவிட்டது!! உள்ளே என்ன தெரியுமா? கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, அரை விரல் நீளம். அதைச் சுற்றித்தான் முடி கயிறாகத் திரிந்திருந்தது. எடுத்ததும் இரண்டு தரம் தலையை உதறிவிட்டு மடியிலேயே படுத்துவிட்டான்.

கொழும்பு அண்ணன், 8.55: இன்றைக்கு அது போதும். அக்குள், கழுத்துப்பட்டிக்குக் கீழே, பின்தொடை எல்லாம் நாளைக்கு. ஒரே மூச்சில் செய்தால் பிறகு சீப்பைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில்தான் இருப்பான். கையால் வகிடு எடுத்து, தோல் தெரியத் தெரிய வரிவரியாகச் சீவு. மேலோட்டமாகச் சீவினால் வெளியே பளபளப்பு, உள்ளே கம்பளி.

பெரியம்மா, 8.58: விரல் இடுக்கையும் பார். இந்த மழைக்கு அட்டை இருக்கும்.

கவி, 9.03: இருக்கிறது பெரியம்மா 😖 உப்பு எடுக்கவா?

பெரியம்மா, 9.04: வேண்டாம், காயம் எரியும். நகத்தைத் தோலோடு படுக்க வைத்து, மெலிந்த முனையை முதலில் நெம்பு. அதுதான் வாய். கொழுந்து எடுத்த முப்பது வருடமும் அப்படித்தான் எடுத்துப்போட்டோம்.

கொழும்பு அண்ணன், 9.06: இதில் பெரியம்மாதான் டாக்டர் 🙏

டீச்சர் அக்கா, 9.10: அடுத்த குளியல் எப்போது தம்பி?

கொழும்பு அண்ணன், 9.14: வெயில் வரும் காலையில். பனி மூட்டம் இறங்கும் நாளில் வேண்டவே வேண்டாம், மேலே காய்ந்தாலும் அடிமுடியில் ஈரம் நின்று தோல் புண்ணாகும். வெதுவெதுத் தண்ணீர், நாய் ஷாம்பூ, காதுக்குள் தண்ணீர் போகக்கூடாது. துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் திரும்பவும் சிக்குத்தான்.

கடை மாமா, 9.30: மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடையில் அகலப் பல் இரும்புச் சீப்பு ஒன்று கிடக்கிறது, பையனிடம் அனுப்புகிறேன். காசு கொப்பியில் எழுதிக்கொள்கிறேன், பஞ்சு பெயரில்.