ரூபிக்ஸ் கியூப் போட்டிகளில் நீங்கள் சந்தித்த, இன்னும் மறக்காத ஆள் யார்?

சென்னை, கல்லூரி மாணவர்

நான் ஆரம்பித்து வைக்கிறேன். அமெரிக்காவின் மேக்ஸ் பார்க் 2023-ல் கியூபை 3.13 விநாடியில் முடித்த வீடியோவைப் பார்க்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். நேரத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. எனக்கு நினைவில் நிற்பதெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆட்கள்தான். அதிலும் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தால் கிடைக்கும் காட்சியே தனி.

புதிதாக வந்தவர்களுக்காக: நம் போட்டிகளில் நடுவர் என்று வெளியிலிருந்து யாரும் வருவதில்லை. ஒரு குழு போட்டியிடும்போது இன்னொரு குழு நடுவராக உட்காரும், கியூபைக் கலைக்கும், மூடி போட்டு மேசைக்கு எடுத்துப் போகும். எல்லாவற்றுக்கும் மேலே உலக கியூப் சங்கத்தின் பிரதிநிதி, டெலிகேட் என்போம், இருப்பார்.

அன்று என் மேசைக்கு வந்த பையனுக்குப் பத்து வயது இருந்தால் அதிகம். ஐந்து சால்வில், அதாவது ஐந்து முறை கியூபை முடிப்பதில், கடைசி. மூடியைத் தூக்கினேன். திருகத் தொடங்கும் முன் 15 விநாடி பார்க்கலாம், எட்டிலும் பன்னிரண்டிலும் நடுவர் குரல் கொடுப்பார். எட்டு என்று சொன்னேன், பன்னிரண்டு என்று சொல்வதற்குள் கையை டைமரில் வைத்துவிட்டான். பச்சை விளக்கு, கை எடுத்தான், அடுத்த மூச்சுக்குள் முடித்து இரண்டு உள்ளங்கையாலும் டைமரை அடித்தான். நல்ல நேரம். ஆனால் மேல் அடுக்கு முழுசாகத் திரும்பவில்லை. 45 டிகிரிக்குள் நின்றால் முடிந்ததாகக் கணக்கு. தாண்டினால் இரண்டு விநாடி கூடும். இது சரியாக நடுவில் நிற்பதுபோல இருந்தது. கியூபை அவனும் தொடக்கூடாது, நானும் தொடக்கூடாது. கையைத் தூக்கி டெலிகேட்டைக் கூப்பிட்டேன்.

அவர் வருவதற்கு முன்னால் பார்வையாளர் பக்கத்திலிருந்து பையனின் அப்பா வந்து நின்றுவிட்டார். "தம்பி, அது சரியாத்தானே இருக்கு, என்ன பிரச்சினை?" எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பையன்தான் திரும்பினான். "அப்பா, அது ப்ளஸ் டூ. எனக்கே தெரியுது. நீங்க போய் உக்காருங்க."

டெலிகேட்டும் மேலிருந்து குனிந்து பார்த்து அதையேதான் எழுதச் சொன்னார். சீட்டில் கையெழுத்துப் போடும்போது பையன் மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, இது கழிஞ்சிடும்ல?" ஐந்தில் சிறந்ததையும் மோசமானதையும் தள்ளிவிட்டு நடு மூன்றுக்குத்தானே சராசரி. அவனுடைய இரண்டாவது சால்வ் இதைவிட மோசம், அதனால் கழியாது. "இல்லடா" என்றேன். "சரிண்ணா" என்று கியூபைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். அப்பாதான் மதியச் சாப்பாடு வரை என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

மதுரை, ஐம்பதைத் தாண்டியவர்

அந்தப் பையனைப் போன்ற பிள்ளைகளைப் பற்றி நானும் சொல்கிறேன். நம் போட்டிகளில் வயதுப் பிரிவு கிடையாது. ஆண் பெண் பிரிவும் கிடையாது. எட்டு வயதும் ஐம்பத்தைந்தும் ஒரே சுற்று, ஒரே குழு என்றால் கலைப்பும் ஒன்றேதான். கலைப்பைக் கணினி நிரல் கொடுக்கும், "உனக்கு ஈஸியா வந்துச்சு" என்று யாரும் சொல்ல முடியாது.

நான் பள்ளியில் படித்தபோதே கியூப் திருகியவன். எங்கள் காலத்துக் கியூப் கறக் கறக் என்று சத்தம் போடும். தேங்காய் எண்ணெய் விட்டால் இரண்டு நாள் வழுக்கும், அப்புறம் தூசி ஒட்டிப் பிசுக்காகி நகரவே நகராது. என் தம்பி ஸ்டிக்கரை உரித்து ஒட்டித்தான் முதன்முதலில் முடித்தான்.

ஓய்வாக இருக்கிறோமே என்று முதல் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போய் நின்றால், சுற்றிலும் பிள்ளைகள். பக்கத்தில் இருந்த பாப்பா, மூன்றாம் வகுப்பாம், "தாத்தா, உங்க மெயின் எது?" என்றாள். போட்டியில் எந்தக் கியூபைப் பயன்படுத்துகிறோம் என்று கேட்கிறாள் என்பது புரியவே கொஞ்ச நேரமானது. கொடுத்தேன். இரண்டு திருகு திருகிப் பார்த்தாள், முகம் மாறிவிட்டது. "ரொம்ப டைட்டா இருக்கு தாத்தா." பையிலிருந்து குட்டி ஸ்க்ரூ டிரைவர் ஒன்று எடுத்தாள். ஆறு பக்கமும் நடுத்துண்டின் மூடியைக் கழற்றி, உள்ளே திருகை ஒரே அளவு தளர்த்தி, துளி சிலிக்கான் விட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இத்தனைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அடுத்த குழுவில் எதிரெதிர் மேசை. அவள் பதினான்கு விநாடிக்குப் பக்கத்தில் முடித்தபோது நான் இரண்டாவது அடுக்கில் இருந்தேன்.

வெளியே வந்ததும் தீர்ப்பும் அவளே சொன்னாள்: "நீங்க எஃப்டூஎல் பண்ணல, அதான்." மூலைத்துண்டையும் விளிம்புத்துண்டையும் ஜோடி சேர்த்து ஒன்றாக உள்ளே இறக்குவது. ஜெசிகா ஃப்ரிட்ரிச் பிரபலமாக்கிய முறை. அதில் கடைசி அடுக்குக்கு மட்டும், மேல் நிறத்தைச் சேர்க்க 57 சூத்திரம் (ஓஎல்எல்), துண்டுகளை இடத்தில் வைக்க 21 சூத்திரம் (பிஎல்எல்). பிஎல்எல் 21-ம் இப்போது கையில் வந்துவிட்டது. ஓஎல்எல்லை இன்னும் இரண்டு கட்டமாகப் பிரித்துத்தான் செய்கிறேன், முழுசாகப் படிக்கிற எண்ணமும் இல்லை.

ஒரு கணக்கு சொல்கிறேன். 1982-ல் புடாபெஸ்டில் நடந்த முதல் உலகப் போட்டியை மின் தாய் (Minh Thai) என்பவர் 22.95 விநாடியில் வென்றார். இன்றைக்கு அந்த நேரத்தோடு நம்மூர்ப் போட்டிக்கு வந்தால் இரண்டாம் சுற்றுக்குப் போவதே சந்தேகம். எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு.

கோவை, ஒரு அம்மா

என் பையனுக்கு ஆட்டிசம். இதை எழுதியதும் சிலர் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். மேக்ஸ் பார்க்குக்கும் ஆட்டிசம், விரல் அசைவு பழக வேண்டும் என்று பெற்றோர் கியூபைக் கொடுத்தார்கள், 2017-ல் பாரிஸில் உலக சாம்பியன் ஆனார். தெரியும். எல்லோரும் சொல்லிவிட்டார்கள். "உங்க பையனும் அப்படி வருவான் பாருங்க" என்று சொல்லும்போது எரிச்சல்தான் வருகிறது. அவன் முப்பது விநாடியில் முடிக்கிறான், சிரிக்கிறான். எனக்கு அது போதும்.

நான் சொல்ல வந்தது வேறு. அரங்கில் சத்தம் அவனுக்கு ஆகாது. நூறு கியூப் ஒரே நேரத்தில் சடசடக்கிற சத்தம், மைக்கில் பெயர் கூப்பிடுவது, எல்லாம். அதனால் சத்தம் குறைக்கும் ஹெட்ஃபோன் எடுத்துப் போயிருந்தோம். டெலிகேட் ஓரமாகக் கூப்பிட்டு, மேசையில் மின்னணுச் சாதனம் எதையும் போட முடியாது, பேட்டரி இல்லாத காதுமூடி என்றால் தடையில்லை என்றார். கோபமாகவும் சொல்லவில்லை, பரிதாபமாகவும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை நான் எங்கே தேடுவேன்?

பின்வரிசையில் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மகளைக் கூட்டி வந்தவர். "எங்க பட்டறையில போடுறது ஒண்ணு வண்டியில கிடக்குங்க, இருங்க" என்று எழுந்து போனார். மஞ்சள் நிறத்தில், கனமாக, ஓரத்தில் கிரீஸ் கறையோடு ஒன்றைக் கொண்டு வந்தார். கைக்குட்டையால் நன்றாகத் துடைத்துத்தான் கொடுத்தார். என் பையன் அதைப் போட்டுக்கொண்டு ஐந்து சால்வும் முடித்தான். திருப்பிக் கொடுக்கவே மனமில்லை அவனுக்கு. "தம்பி வச்சுக்கட்டுங்க, பட்டறையில நாலு இருக்குது." பெயர் கேட்டேன், சொன்னார். அவர் மகள் அன்றைக்கு பிரமின்க்ஸில், அந்த முக்கோணப் பிரமிட் புதிரில், மூன்றாம் இடம்.

திருச்சி, கண்கட்டுப் பிரிவு

எனக்கு ஒருவர் ஒரு முறையையே கொடுத்துவிட்டுப் போனார். கண்ணைக் கட்டிச் செய்வதில் மனப்பாட நேரமும் சேர்த்துத்தான் டைமர் ஓடும். 12 விளிம்புக்கு இரண்டிரண்டு நிறம், 8 மூலைக்கு மும்மூன்று நிறம், இரண்டிலும் 24 இடம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எழுத்து வைத்து, இரண்டிரண்டாகச் சேர்த்து வார்த்தையாக்கி, வார்த்தைகளைக் கதையாக்கி மனதில் வைப்போம். நான் எல்லோரையும்போல ஏ முதல் எக்ஸ் வரை ஆங்கில எழுத்து. பாதி ஜோடிக்கு எனக்கு வார்த்தையே வராது.

அரங்க வாசலில் பேசிக்கொண்டிருந்தவர் தமிழ் எழுத்தில் செய்கிறார் என்று தெரிந்தது. க, ங, ச என்று அகர வரிசை உயிர்மெய் 18, அதோடு உயிரெழுத்து ஆறு, மொத்தம் 24. க-ர என்றால் கரடி, ப-ல என்றால் பலா, ம-ட என்றால் மடம். கரடி பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு மடத்துக்குள் போகிறது, ஆறு எழுத்து முடிந்தது! "ங-வுக்கு என்ன பண்றீங்க?" என்றேன். "அதை என்னைக்கோ தூக்கிட்டேன், அங்க ஜ. ண-வுக்கு ஹ" என்றார். மற்ற எழுத்துக்கெல்லாம் ஏதாவது சமாளித்திருக்கிறார். என்னுடைய பட்டியலை முழுதாக மாற்றினேன். அடுத்த சில மாதம் எதைச் செய்தாலும் டிஎன்எஃப்தான் (முடிக்கவில்லை என்ற கணக்கு) வந்தது, இரண்டு மொழியும் கலந்து கரடி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தது. இப்போது பரவாயில்லை.

சேலம், புதியவர்

அடுத்த மாதம் எனக்கு முதல் போட்டி. என்னென்ன எடுத்து வர வேண்டும்?

மதுரை, ஐம்பதைத் தாண்டியவர்

கியூப் இரண்டாக எடுத்து வாருங்கள், ஒன்று உடைந்தாலும் இன்னொன்று இருக்கும். அடையாள அட்டை. போட்டி டைமர் அங்கேயே இருக்கும், ஆனால் போட்டிக்கு முன்னால் யாரிடமாவது கேட்டுக் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். செல்போனில் தட்டிப் பழகியவர்கள் பச்சை விளக்கு வரும் முன்பே கையை எடுத்துவிடுவார்கள், டைமர் ஓடவே ஓடாது. ஏசி அரங்கு என்றால் விரல் விறைத்துவிடும். உங்கள் குழுவைக் கூப்பிடும் வரை சூடான டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குடிக்காவிட்டாலும் பரவாயில்லை, கியூபில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். நடுவர் வேலைக்குப் பெயர் கூப்பிட்டால் கேன்டீனில் போய் ஒளியவும் வேண்டாம், தேடிக்கொண்டு வருவார்கள்.