ஆமையின் குளிர்கால உறக்கம்: வைக்கோல் பெட்டியா, ஃப்ரிட்ஜா?

வணக்கம். லண்டனில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவர், தள்ளாமையால், தன் ஹெர்மன் வகை நில ஆமையை எங்களிடம் ஒப்படைத்திருக்கிறார். எடை 1.2 கிலோ. டேன்டேலியன் இலையை நீட்டினால் கழுத்தை நீட்டி, விரலையும் சேர்த்துக் கவ்வப் பார்க்கும்.

அவர் வருடாவருடம் வைக்கோல் நிரப்பிய மரப்பெட்டியில் வைத்து, தோட்டக் கொட்டகையில்தான் தூங்க வைப்பாராம். அங்கே 10 டிகிரியைத் தாண்டினால் பாதியில் விழித்துவிடும். உறைகுளிர் வந்தால் கண் பார்வையே போகலாம். இப்போது பலர் தனி ஃப்ரிட்ஜில் 5 டிகிரியில் வைத்து, தினமும் கதவைத் திறந்து காற்று மாற்றுகிறார்கள். என் மனம் அதற்குத்தான் சாய்கிறது. அம்மாவோ, "உயிருள்ளதைப் போய் ஃப்ரிட்ஜிலா?" என்று கலங்குகிறார்.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? அப்புறம், எடை எவ்வளவு குறைந்தால் எழுப்புவீர்கள்? நவம்பருக்குள் முடிவெடுக்க வேண்டும்.