ட்ரோன் மோட்டார் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது, எத்தனை டிகிரி வரை பறக்கலாம்? அவசரம்

கேமரா_தம்பி | மாலை 5.40
அண்ணன்மாரே, அவசரம். நாளை காலை ஒரு நிச்சயதார்த்தப் படப்பிடிப்பு. இன்று மதியம் அரியமான் கடற்கரையில் சோதனைக்குப் பறக்கவிட்டேன், ஏழு நிமிடம்கூட ஆகவில்லை, இறக்கிப் பார்த்தால் மோட்டாரில் விரல் வைக்க முடியவில்லை. டெம்பரேச்சர் கன்னில் 82 காட்டியது. இந்தக் கத்திரி வெயில்தான் காரணமா? 82 என்பது பரவாயில்லையா? சீக்கிரம் சொல்லுங்கள்.

கீழக்கரை_லென்ஸ் | 5.52
தம்பி, வெயில்தான். சூட்டில் காற்று லேசாகிவிடும், விசிறி அதிகமாகச் சுற்ற வேண்டும், மோட்டார் சுடும். நான் மே மாதம் காலை 7 மணிக்கு முன்னால் முடித்துவிடுவேன், இல்லையென்றால் மாலை 5க்கு மேல்தான். கல்யாண வீட்டுக்காரர்கள் உச்சி வெயிலில் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

ஏழு_அங்குலம் | 6.05
எந்த ட்ரோன், எந்த மோட்டார், எத்தனை செல் பேட்டரி, விசிறி அளவு என்ன, நாலு மோட்டாரும் சுட்டதா ஒன்று மட்டுமா, எங்கே வைத்து அளந்தாய், எதுவுமே இல்லை. இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது, எத்தனை முறை நானே எழுதிவிட்டேன், பழைய இழையைத் தேடிப் படிக்கும் பொறுமைகூட உங்களுக்கு இல்லை. நீயே கட்டிய ட்ரோன் என்றால் ட்யூனிங்தான், அதாவது பறப்பு மென்பொருளில் வைத்த எண்கள்தான் பிரச்சினை. அதில் ஆட்டத்தை அடக்கும் டி மதிப்பைக் கூட்டி வைத்திருப்பாய். அது சின்னச் சின்ன அதிர்வையெல்லாம் பெரிதாக்கி மோட்டாருக்கு அனுப்பும், மோட்டார் நொடிக்கு நூறு தடவை வேகம் மாறி மாறிச் சூடாகும். பாதியாகக் குறைத்துப் பார்.

பரமக்குடி_ரீவைண்டிங் | 6.20
நான் பம்ப்செட் மோட்டார் சுற்றுபவன், ட்ரோன் அனுபவம் குறைவு. ஆனால் செம்புக்கம்பி எல்லா மோட்டாருக்கும் ஒன்றுதான். எனாமல் பூச்சுக்கு வகுப்பு உண்டு, பி வகுப்பு 130 டிகிரி, எஃப் 155, எச் 180. 82இல் கம்பிக்கு ஒன்றும் ஆகாது. மோட்டார் இடுக்கு வழியாகக் கம்பியைப் பாருங்கள் தம்பி, பளிச்சென்று செம்பு நிறமாக இருந்தால் நல்லது. காப்பித்தூள் நிறத்துக்குப் போய், வார்னிஷ் கருகிய வாடையும் வந்தால் அது முடிந்தது என்று அர்த்தம்.

ஏழு_அங்குலம் | 6.31
பம்ப்செட் வேறு இது வேறு. இதில் முதலில் போவது கம்பி இல்லை, காந்தம். சாதாரண நியோடைமியம் காந்தத்துக்கு 80 டிகிரிதான் எல்லை. எஸ்எச் ரகம் 150 வரை தாங்கும். நல்ல மோட்டாரின் விவரத் தாளில் என்52எஸ்எச் என்று போட்டிருப்பார்கள், போடாத மோட்டாரில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? சூட்டில் ஒரு தடவை பலம் இழந்த காந்தம் ஆறினாலும் முழுதாகத் திரும்பாது. அதன் பிறகு அதே இழுவைக்குக் கூடுதல் கரண்ட் எடுக்கும், இன்னும் சுடும், இன்னும் பலம் குறையும்.

பரமக்குடி_ரீவைண்டிங் | 6.36
காந்தம் பற்றிச் சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். பம்ப்செட்டில் அந்தத் தொல்லை எங்களுக்கு இல்லை.

சோழகக்காற்று | 6.48
தம்பி, பயப்படாமல் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லு. ஒரு மோட்டாரா நாலுமா? இதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும். நாலும் ஒரே மாதிரிச் சுட்டால் பாரம், விசிறி, ட்யூனிங், வெயில் என்று தேடலாம். பின்னால் உள்ள இரண்டு மட்டும் கொஞ்சம் கூடுதல் என்றால் எதிர்காற்றில் மூக்கைத் தாழ்த்திப் பறந்திருப்பாய், அல்லது பேட்டரி பின்னால் தள்ளி இருக்கும். ஒன்று மட்டும் என்றால் ட்ரோனின் அந்தக் கையில்தான் கோளாறு. வெயில் ஒரு மோட்டாரை மட்டும் பார்த்து அடிக்காது.

காற்று லேசாவது உண்மைதான், ஆனால் அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள் கீழக்கரை அண்ணே. 15 டிகிரியிலிருந்து 40க்குப் போனால் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறையும், அதே எடையைத் தூக்கி நிற்க 4 சதவீதம் போலக் கூடுதல் சக்தி போதும். அதனால் மட்டும் 82 வராது.

அப்புறம், 82 என்பதை எங்கே அளந்தாய்? மோட்டாரோடு சுற்றும் பளபளப்பான அலுமினிய மூடி மேல் கன்னைக் காட்டினால் அது நிஜச் சூட்டைவிடக் குறைவாகத்தான் காட்டும். மூடியில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, இறக்கிய உடனே அதன் மேல் காட்டு. தாமதித்தாலும் தப்பு. விசிறிக் காற்று நின்றதும் உள்ளே கம்பியில் உள்ள சூடு மூடிக்கு ஏறும், ஒரு நிமிடம் கழித்து அளந்தால் வேறு எண் வரும்.

கேமரா_தம்பி | 7.15
மன்னிக்கவும், எல்லாரும் ஒரே மாதிரி வைத்திருப்பீர்கள் என்று நினைத்துவிட்டேன். நானே கட்டியது, 7 அங்குல விசிறி, 6 செல் பேட்டரி, மேலே ஆக்ஷன் கேமரா. ஒரு மோட்டார்தான் அக்கா, வலது பின்பக்கம். மற்ற மூன்றும் சூடுதான், ஆனால் விரல் வைக்க முடிந்தது. அளந்தது மூடி மேல்தான். போன வாரம் தனுஷ்கோடியில் மணலில் ஒரு தடவை சாய்ந்து விழுந்தது, விசிறி மட்டும் மாற்றினேன், லேசான விழுகைதான்.

சோழகக்காற்று | 7.22
அதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். விசிறியைக் கழற்று. பேட்டரி இல்லாமல் அந்த மோட்டாரைக் கையால் சுற்றிக் காதருகே வைத்துக் கேள். மற்ற மூன்றையும் அதே மாதிரிச் சுற்று. வித்தியாசம் உனக்கே தெரியும்.

தொண்டி_படகு | 7.30
மணல்தான் தம்பி, அடித்துச் சொல்கிறேன். நம் கடற்கரை மணலில் கறுப்பாக ஒரு பொடி கலந்திருக்கும், சிறு பிள்ளைகள் காந்தம் வைத்து எடுத்து விளையாடுவார்களே, அதுதான். மோட்டார் காந்தம் அதை இழுத்து வைத்துக்கொள்ளும். மூடியைக் கழற்றிச் செல்லோ டேப்பின் பசைப்பக்கத்தால் ஒற்றி எடு. காற்றடித்தால் துகள் பேரிங்குக்குள் போய்விடும். எடுத்த பிறகு நல்ல தண்ணீரில் மோட்டாரை அலசிவிடு, உப்பு போகட்டும்.

ஏழு_அங்குலம் | 7.34
மோட்டாரைத் தண்ணீரில் அலசுவதா? புதிதாக வருகிறவர்களுக்கு இப்படியா சொல்லிக்கொடுப்பது?

தொண்டி_படகு | 7.41
ஏன் கூடாது? பிரஷ்லெஸ் மோட்டாரில் கம்பி முழுக்க எனாமல், உள்ளே தேய்கிற கார்பன் இல்லை, எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் நடுவில் போர்டில் இருக்கிறது. மோட்டாரைத் தனியாகக் கழற்றித்தானே அலசச் சொன்னேன். கடலில் நனைந்த எதையும் நாங்கள் முதலில் நல்ல தண்ணீரில்தான் முக்குவோம். உப்பு காய்ந்து உட்கார்ந்தால் அது இரும்பைத் தின்னும், அதற்குப் பிறகு எந்த எண்ணெய் விட்டும் பயனில்லை.

ஏழு_அங்குலம் | 7.49
கம்பிக்கு ஒன்றும் ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். பேரிங்? உள்ளே இருக்கும் கிரீஸ் கொஞ்சம் கரையும், தண்ணீர் நின்றால் இரண்டே நாளில் துரு.

தொண்டி_படகு | 7.58
காயவைத்து, இரண்டு பேரிங்குக்கும் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட வேண்டும், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். துரு நீக்குகிற ஸ்பிரேயை அடிக்கிறார்கள் பாருங்கள், அதுதான் கிரீஸைக் கழுவிக்கொண்டு போகும்.

கீழக்கரை_லென்ஸ் | 8.06
நான் மூன்று வருடமாக அந்த ஸ்பிரேதான் அடிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

தொண்டி_படகு | 8.10
கீழக்கரை காக்கா, மூன்று வருடத்தில் எத்தனை மோட்டார் மாற்றினீர்கள் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

கீழக்கரை_லென்ஸ் | 8.14
ஆறு. ஆனால் அது விழுந்ததால்.

சோழகக்காற்று | 8.25
எண்ணெய்ப் பேச்சைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமே, பையனுக்கு நாளை காலை வேலை. தம்பி, இன்னொன்று. அரியமான் பக்கத்தில்தான் உச்சிப்புளிக் கடற்படை விமானதளம், ஐ.என்.எஸ். பருந்து. படப்பிடிப்பும் அங்கேயா? அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் அந்த இடம் சிவப்பா (தடைப் பகுதி), மஞ்சளா (அனுமதி வேண்டும்), பச்சையா என்று பார்த்தாயா? மோட்டார் குளிர்ந்திருந்தாலும் அது சரியில்லை என்றால் எழுப்பாதே. 2021 ட்ரோன் விதிகள் கல்யாண வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

கேமரா_தம்பி | 9.50
மூடியைக் கழற்றிவிட்டேன். தொண்டி அண்ணன் சொன்னது அப்படியே இருக்கிறது. காந்தம் ஒவ்வொன்றின் ஓரத்திலும் கறுப்புப் பொடி மீசை மாதிரி நட்டுக்கொண்டு நிற்கிறது, ஒரு காந்தத்தில் கோடு கோடாக உராய்ந்த தடம். கீழ் பேரிங் கரகரவென்கிறது. கம்பி ஒரு பக்கம் பழுப்பாகிவிட்டது. டேப்பால் ஒற்றி எடுத்துக்கொண்டிருக்கிறேன். சுத்தம் செய்தால் நாளைக்குத் தாங்குமா?

ஏழு_அங்குலம் | 10.02
தாங்காது. பொடியை எடுத்த பிறகும் ஒரு சோதனை இருக்கிறது. விசிறி எதுவும் இல்லாமல் நாலு மோட்டாரையும் ஒரே அளவு த்ராட்டிலில் ஓட்டி, பீட்டாஃப்ளைட் பறப்பு மென்பொருளில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பார். அந்த ஒன்று மட்டும் மற்றதைவிட வேகமாகச் சுற்றினால் காந்தம் பலம் இழந்துவிட்டது. மெதுவாகச் சுற்றினால் பேரிங் பிடிக்கிறது. எதுவானாலும் ஆட்களின் தலைக்கு மேலே அதைப் பறக்கவிடக் கூடாது, மாற்று மோட்டார் போடு. நான் முதலில் ட்யூனிங் என்று சொன்னது உன் விஷயத்தில் தப்பு.

பரமக்குடி_ரீவைண்டிங் | 10.11
பழுப்பு ஏறிய கம்பியை நம்ப வேண்டாம் தம்பி. மேலே எனாமல் இருக்கிற மாதிரித் தெரியும், நகத்தால் கீறினால் உதிரும்.

சோழகக்காற்று | 10.20
எண் கேட்டாயே, நான் வைத்திருக்கும் கணக்கைச் சொல்கிறேன். கறுப்பு டேப் மேல், இறங்கிய உடனே, 60 வரை நிம்மதி. நம் ஊர் மே மாதத்தில் வெளியே 37, 38 இருக்கும்போது 70 வந்தாலும் நான் பறப்பேன். 80 தாண்டினால் காரணம் தெரியாமல் மறுபடி எழுப்ப மாட்டேன். ஆனால் மொத்த எண்ணைவிட, வெளிச்சூட்டுக்கு மேல் எவ்வளவு ஏறியது, நாலுக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் என்பதைக் குறித்து வை. மற்ற மூன்றும் 60இல் இருக்கும்போது ஒன்று 75 காட்டினால், அந்த 75 எனக்கு, நாலும் ஒரே மாதிரிக் காட்டும் 82ஐவிட மோசமான செய்தி. கடற்கரையில் எழுப்பவும் இறக்கவும் மடக்குப்பலகை ஒன்று கொண்டுபோ, பழைய பாய்கூடப் போதும், மேல் கல் வைத்துக்கொள்.

கேமரா_தம்பி | மறுநாள் இரவு 9.15
புது மோட்டார் ராமநாதபுரத்தில் நண்பரிடம் கிடைத்தது, விடியற்காலை மாட்டினேன். பெண் வீட்டாரிடம் பேசி இடத்தையும் மாற்றிவிட்டோம், வரைபடம் பார்த்துத்தான். டேப் மேல் நாலும் 58, 61, 60, 63. படம் நன்றாக வந்தது. எல்லாருக்கும் நன்றி.

தொண்டி_படகு | 9.32
சந்தோஷம் தம்பி. அந்தப் பழைய மோட்டாரைத் தூக்கிப் போட்டுவிடாதே. ஆர்பிஎம் சோதனை செய்தாயா, கூடியதா குறைந்ததா? பேரிங் மேல் உள்ள எண்ணையும் படித்துச் சொன்னால் நான் தேடித் தருகிறேன்.

ஏழு_அங்குலம் | 9.40
எனக்கும் அந்த ஆர்பிஎம் வேண்டும்.