கோத்தகிரியில் போட்டோஷூட்: பிளேஸரா, பட்டுச் சேலையா, வீட்டுக்காரர் சட்டையா?

கொழுந்துக்காரி, கோத்தகிரி

எல்லோருக்கும் வணக்கம். வயது 43. முக்கால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. பச்சைத் தேயிலையை ஃபேக்டரிக்குப் போட்டுக்கொண்டிருந்த வரைக்கும் என் முகம் யாருக்கும் தேவைப்படவில்லை. எடை போட்டார்கள், சீட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். மூன்று வருடமாகக் கையால் கிள்ளி, வாட்டி, உருட்டி, காயவைத்து நானே பொட்டலம் போட்டு விற்கிறேன். இப்போது பாக்கெட்டின் பின்பக்கம், இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன் என்று எங்கே போனாலும் என் படம் கேட்கிறார்கள். பர்சனல் பிராண்டிங் ஷூட் என்று பெயராம். வரும் ஞாயிறு கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி கேமராவோடு வருகிறார்.

என்ன உடுத்துவது என்பதில்தான் வீட்டில் சண்டை. மகன் பிளேஸர் போடச் சொல்கிறான். நாத்தனார் தன்னுடைய பச்சைப் பட்டை எடுத்து வைத்துவிட்டாள். கேமரா தம்பியோ போனிலேயே சொல்லிவிட்டார்: முதுகில் கூடை, தலையில் துணி, தோளில் தோடர் சால்வை. "அப்பதான் மலை ஃபீல் வரும் அக்கா."

கூடை என்றதும் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவர். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் குடும்பத்தோடு 1973இல் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். அங்கே இடுப்பில் படங்கு என்கிற முரட்டுத் துணியைக் கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக் கொழுந்து எடுத்திருக்கிறார். கயிறு அழுத்திய இடத்தில் இன்றைக்கும் முடி மெலிந்துதான் இருக்கிறது. அதைப் படத்துக்காக நான் மாட்டிக்கொள்வதா? எங்கள் பக்கம் இப்போது கொழுந்து வெட்டும் கத்தரியும் பையும்தான். நான் கையால் கிள்ளுகிறேன் என்றாலும் அதுவும் இடுப்பில் கட்டிய துணியில்தான் விழுகிறது.

என்னிடம் இருப்பவை: கடுகு மஞ்சள் காட்டன் சேலை, வெள்ளைச் சுடிதார், காப்பிக்கொட்டை நிற ஸ்வெட்டர். தோட்டத்தில் தினமும் போடுவது சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, கருநீலம்.

இன்னொன்று. வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்துப் போயிருக்கின்றன. எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை. எடிட்டிங்கில் அழித்துவிடலாம் என்கிறார் தம்பி. அழிக்கலாமா?

பழைய ஸ்டுடியோக்காரன், ஊட்டி

அக்கா, இருபது வருஷமாகக் கல்யாணமும் பாஸ்போர்ட் படமும் எடுக்கிறவன் சொல்கிறேன். முதலில் அந்தப் பச்சைப் பட்டைப் பெட்டிக்குள் வையுங்கள். தேயிலைக்கு முன்னால் பச்சை கட்டி நின்றால் செடிமேல் தலையை மட்டும் எடுத்து வைத்த மாதிரி இருக்கும்.

வெள்ளைச் சுடிதாரும் வேண்டாம். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. இந்த நவம்பரில் எந்த நேரம் மூட்டம் இறங்கும் என்று சொல்ல முடியாது. இறங்கினால் பின்னால் முழுக்க வெள்ளை, நீங்களும் அதில் கரைந்து போவீர்கள். அதற்காக மூட்டத்துக்குப் பயப்பட வேண்டாம். காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்பாக்ஸ் செய்கிற வேலையை அது சும்மா செய்யும், கண்ணுக்கடியில் நிழல் விழாது. பளீர் வெயிலில் பதினோரு மணிக்கு நிற்க வைத்தால்தான் மூக்கின் நிழல் உதட்டில் வந்து உட்காரும்.

ஆனால் மூட்டத்திலும் மர நிழலிலும் வெளிச்சத்தில் நீலம் ஏறும், முகம் சோர்ந்து தெரியும். கடுகு மஞ்சள், செங்கல், அரக்கு மாதிரி நிறம் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அது சரியாகும். உங்கள் சேலையே போதும். ரொம்ப அடிக்கிற நிறம் மட்டும் கூடாது, துணியின் நிறம் தாடைக்கடியில் ஏறிவிடும். பளபள ஆரஞ்சு குர்தா போட்ட ஒரு மாப்பிள்ளையை நான் எடுத்த படத்தில் அவருக்குக் காமாலை வந்த மாதிரி இருந்தது. பெண் வீட்டார் என்னைத்தான் திட்டினார்கள். செடிகளுக்கு நடுவே நெருக்கி நின்றாலும் இதே கதைதான், முகத்தில் பச்சை ஏறும். மண் பாதையில் நில்லுங்கள், தோட்டம் பின்னால் இருக்கட்டும்.

ஸ்வெட்டர் போட்டால் கையில் ஒரு துண்டு வைத்திருங்கள். கம்பளி நுனியில் ஈரம் முத்து முத்தாக நிற்கும், படத்தில் நரைத்த முடி மாதிரி தெரியும்.

மலைப்பூண்டு, கொடைக்கானல்

பூம்பாறை பூண்டு விற்கிறேன். எங்கள் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் எனக்கும் இந்தப் படம் எடுக்கும் ஆசை வந்தது. தூண் பாறை தெரிய நின்று, சின்னக் கட்டம் போட்ட புதுச் சட்டை, மஃப்ளர் என்று ஜோராக எடுத்தேன். கடைசியில் அதைப் போட்டது எங்கே? போனில் ஒரு ரூபாய்க் காசு அளவு வட்டத்தில். பாறை போச்சு, பூண்டு போச்சு, மஃப்ளர் மட்டும் தெரிந்தது. கட்டம் வேறு அலை அலையாக நெளிந்தது. கழுத்துக்கு மேலே என்ன தெரிகிறது என்பதை முதலில் பாருங்கள், செருப்பைப் பற்றி யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

தையல்காரி, குன்னூர்

பிளேஸர் உங்கள் அளவுக்குத் தைத்ததா, மகனுடையதா? மகனுடையது என்றால் விடுங்கள். தோள் தையல் தோள் எலும்பில் உட்காராவிட்டால் இரவல் என்று பார்த்ததும் தெரிந்துவிடும். பின்னால் கிளிப் போட்டு இறுக்கலாம், ஆனால் கையைத் தூக்கியதும் காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டுக்காரர் சட்டைக்குத்தான் என் ஓட்டு. முழங்கை வரை இரண்டு மடிப்பு, காலருக்கு மட்டும் கொஞ்சம் கஞ்சி. சேலைக்கு நிறையக் கஞ்சி போடாதீர்கள், மூட்டத்தில் அது ஊறி மடிப்பு குழையும். சேஃப்டி பின் எடுத்து வையுங்கள்.

தோடர் சால்வை என்னிடமும் ஒன்று இருக்கிறது, குளிருக்குப் போர்த்துகிறேன். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் நூல் ஓடும், அவர்கள் பூத்துக்குளி என்பார்கள். அந்தத் தையலுக்கும் 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்களிடம் வாங்கி நாம் போர்த்துவதில் தப்பில்லை. ஆனால் தேயிலைப் பாக்கெட்டில் உங்கள் முகத்தோடு அதைப் பார்க்கிறவர், தோடர் வீட்டுத் தேயிலை என்றுதானே நினைப்பார்?

விரலை அழிக்காதீர்கள்.

மாற்றுக் கருத்து, குன்னூர்

எல்லோரும் பிளேஸரை ஒரேயடியாகத் தள்ளுகிறீர்கள். நான் ஹோட்டல்களுக்குச் சரக்கு போடுகிறவன். அந்தப் பக்கம் பேசப் போனால் கோட்டுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. அளவான ஒன்று கிடைத்தால் லிங்க்ட்இன்னுக்கு மட்டும் நாலு படம் எடுத்து வையுங்கள். சும்மா இருக்கட்டும்.

கொழுந்துக்காரி, கோத்தகிரி

எல்லோருக்கும் நன்றி. நேற்று எடுத்தாயிற்று.

பிளேஸரை மகனே போட்டுக்கொண்டு ரிஃப்ளெக்டர் பிடித்தான். மாற்றுக் கருத்து சார் மன்னிக்கவும், தோள் ஒரு விரற்கடை இறங்கி நின்றது.

ஒன்பது மணி வரை ஒரே மூட்டம். கடுகு மஞ்சள் சேலை, மேலே கருநீலச் சட்டை. மண் பாதையில் நின்றேன், தம்பியும் கூடையை மறந்துவிட்டார். இடுப்புத் துணியை நான் கட்டுவதை வாசலில் இருந்து பார்த்த அம்மா, "அப்படி முடிஞ்சா குனியறப்ப அவுந்துரும்" என்று எழுந்து வந்து அவரே முடிந்துவிட்டார். காலையிலிருந்து அதுதான் அவர் பேசிய முதல் பேச்சு.

விரல் அப்படியே இருக்கிறது. உருட்டும்போது இலையின் சாறு காற்றுப் பட்டுக் கறுக்கிறதே, அதே கறைதான் இதுவும். இரண்டு இலை ஒரு மொட்டைப் பிடித்திருக்கும் படத்தில் நகக்கண் வரை தெரிகிறது. பாக்கெட்டுக்கு அந்தப் படம்தான்.

பச்சைப் பட்டு வீணாகவில்லை. எல்லாம் முடிந்து தம்பி பையை மூடும் நேரத்தில் அம்மா அதைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எனக்கும் ஒண்ணு எடு" என்றார். இருந்ததிலேயே நன்றாக வந்தது அதுதான். ஸ்டுடியோக்காரத் தம்பி, வெள்ளைச் சுவருக்கு முன்னால் பச்சை பரவாயில்லைதானே?

வீட்டுக்காரர் சட்டையைத் திருப்பிக் கேட்கிறார். இன்னும் கொடுக்கவில்லை.