இரட்டிப்பாகும் ஆர்பிஎம்: சென்சாரா, பெருக்கெண்ணா?

கேன்_பித்தன்: தம் லாரியின் மீட்டர் ஐடிலில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) 600 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 600 சுற்று, காட்டும்போது வண்டியின் தரவைப் பதியும் டேட்டா லாக்கர் 1200 காட்டுகிறது என்று நேற்று ஒருவர் கேட்டதற்கு, எஞ்சின் சுற்றை அளக்கும் கிராங்க் சென்சாரை மாற்றச் சொல்லியிருக்கிறார் பழைய_லாரி. ஒரே சென்சாரின் கணக்கைத்தான் எஞ்சினின் கணினியான இசியு இரண்டுக்கும் அனுப்புகிறது என்றால், மீட்டர் மட்டும் எப்படித் தப்பியது? இசியு அனுப்பும் எண்ணை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கினால்தான் ஆர்பிஎம் கிடைக்கும்: லாரிகளின் தரவுமுறையான ஜே1939-இல் அது 0.125, கார்களின் தரவுமுறையான ஓபிடியில் 0.25. லாக்கரில் காரின் பெருக்கெண்ணை இட்டால் சரியாக இரண்டு மடங்கு வரும்.

பழைய_லாரி: 'சரியாக' என்று யார் அளந்தது? கேட்டவர் '1200 அளவில்' என்றே எழுதியிருந்தார். சென்ற ஆண்டு எங்கள் பட்டறைக்கு இதே குறையோடு வந்த வண்டியில் சென்சாரை மாற்றியதும் அளவு ஒழுங்காயிற்று. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். புத்தகத்தில் படித்ததை அல்ல.

கேன்_பித்தன்: சென்சாரை மாற்றிய அன்று லாக்கரின் அமைப்பையும் யாரேனும் மாற்றினார்களா என்பதை நீங்கள் இன்றுவரை சொல்லவில்லை. கேட்டவர் 1500-இல் 3000 வருவதாகவும் எழுதியிருக்கிறார். சென்சார் பழுதானால் அளவு துள்ளும், அறுபடும். எல்லா வேகத்திலும் இரண்டு மடங்காகவே நிற்காது.

சாலைமாறன்: அந்த எண் இரண்டு பைட்டுகளாக, அதாவது இரண்டு துண்டுகளாக, வருகிறது; லாக்கர் அவற்றை முன்பின்னாகப் படித்திருக்கலாம் அல்லவா? ஜே1939 கீழ் பைட்டை முதலில் அனுப்பும், ஓபிடி மேல் பைட்டை முதலில் அனுப்பும்.

கேன்_பித்தன்: கணக்கிட்டுப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம், நண்பரே. கேள்வி கேட்டவர் இட்ட கச்சாத் தரவில் 192, 18 என்று இரண்டு பைட்டுகள் உள்ளன. 18-ஐ 256-ஆல் பெருக்கி 192-ஐக் கூட்டினால் 4800, அதை 0.125-ஆல் பெருக்கினால் 600, 0.25-ஆல் பெருக்கினால் 1200. வரிசை மாறியிருந்தால் 49170 ஆகி, 0.125-இலேயே 6146 வந்திருக்கும்.

சாலைமாறன்: கேள்வி கேட்டது குற்றமா? மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனையில் வரும் மின்துடிப்பிலிருந்து எஞ்சின் வேகம் எடுப்பது பற்றிய பேச்சிலும் என்னை இப்படித்தான் மடக்கினீர்கள். அன்று நான் சொன்ன புல்லி விகிதமே சரியென்று பிறகு தெரிந்தது.

கேன்_பித்தன்: அன்றைய கணக்கில் ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்பதை முடிவுசெய்யும் ஆல்டர்னேட்டரின் காந்தத் துருவ எண்ணிக்கையை நீங்கள் விட்டிருந்தீர்கள். அதை இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

பழைய_லாரி: துருவமும் புல்லியும் இருக்கட்டும். '1200 அளவில்' என்பது 1200 ஆகாது. ஒரு வரித் தரவை வைத்துக்கொண்டு சென்சார் நல்லது என்று எழுதித் தருகிறீர்களா?

கேன்_பித்தன்: எழுதியே தருகிறேன். பெருக்கெண்ணை 0.125 என்று மாற்றச் செலவே இல்லை. சென்சாருக்கு அவர் பணம் தரவேண்டும். முதலில் எதைப் பார்க்கச் சொல்வது முறை?

பழைய_லாரி: என் பட்டறையில் முதலில் பார்ப்பது சென்சார். நாளையும் அதைத்தான் பார்ப்பேன்.